வராந்தாக் கூரையின் நீலம்

சாரத்தின் மேல் அண்ணாந்து நின்று வெர்னெல் வராந்தாக் கூரையின் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நீலத் தூசு கண்ணிலும் கழுத்துக்குள்ளும் மாவாய் இறங்கியது. இடுப்புப் பையிலிருந்த போன் எந்த நேரமும் அடிக்கலாம். மகன் மைக்காவின் ரத்தத்தை எடுத்த மருத்துவமனையில், மதியத்துக்குள் சொல்கிறோம் என்றிருந்தார்கள். இரண்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு மாதமாகச் சோளக்கஞ்சிகூட இறங்கவில்லை. பேசின நாலு வார்த்தையும் நின்றுபோயிருந்தது. 

"தண்ணி தெளிச்சுச் சுரண்டலாமே, ஐசேயா. மூச்சு அடைக்குது."

பக்கத்தில் சுரண்டிய ஐசேயா சிரித்தான். "நல்லா தெளிச்சீங்க! நூத்தி எழுபது வருசப் பலகைக்கா? மகாராணி அது. ஈரம் பட்டா உப்பிரும்னு வீட்டுக்காரம்மா தலைதலையா அடிச்சுக்குது. நாம உப்பினா யாரு கேக்கப் போறா?"

அந்த நீலத்தை அடித்தவர்கள் இவர்களுடைய கறுப்பின முன்னோர்கள்தான், அடிமைகளாக இருந்த காலத்தில். நீலத்தைக் கண்டால் கெட்ட ஆவி அதைத் தண்ணீர் என்று நினைத்து, கடக்க முடியாமல் திரும்பிவிடும் என்பது பியூஃபர்ட் தீவுக்காரர்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்த சங்கதி. இரண்டு மாதத்துக்கு முன், வேலை தொடங்கிய வாரம், கையகலப் பலகைச் சில்லு ஒன்று பெயிண்டோடு பெயர்ந்து விழுந்தது. வெர்னெல் அதைக் கொண்டுபோய்க் காவலுக்கென்று பிள்ளையின் தொட்டில் சட்டத்தில் நூலால் கட்டினாள்.

போன் அடித்தது.

"மைக்காவோட அம்மாவா? நர்ஸ் பேசறேன். பதறாம கேளுங்க. பையன் ரத்தத்துல ஈயம் ஏகத்துக்கும் இருக்கு, உடனே கூட்டிட்டு வாங்க. வீட்டுல பழைய பெயிண்ட் உரியுதா?"

"இல்லைங்க. எங்களது புது ட்ரெய்லர் வீடு."

"நல்லா யோசிங்க. பழைய பெயிண்ட் இனிக்கும், பிள்ளைங்க சப்பும்."

வெர்னெலுக்குத் தொட்டிலில் கட்டிய சில்லு ஞாபகம் வந்தது. அந்தச் சில்லின் நீலம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. ஆவியோடு மல்லுக்கட்டித்தான் தேய்கிறது என்று நினைத்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று கட்டினாள், பெரிதாகப் பார்த்து.

வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தங்கையைக் கூப்பிட்டாள். "டோரி, அந்த நீலச் சில்லு எங்கடி?"

"அவன் கையிலதான்க்கா. சப்பிக்கிட்டுக் கிடக்கான். அதான் இன்னைக்கு அழவே இல்ல."

"புடுங்குடி! வாயைக் கழுவிவிடு, இதோ வரேன்!"

ஏணியில் இறங்கினாள். கீழே வீட்டுக்காரி திருமதி ஹோல்கம் ரோஜாச் செடிகளுக்குப் பிளாஸ்டிக் தாள் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"மேடம், இந்தப் பெயிண்ட்ல ஈயமா இருக்கு?"

"பழைய வீடும்மா, இருக்கத்தானே செய்யும்? அதுக்குத்தானே எங்க டியூக்கை மொத நாளே தங்கச்சி வீட்ல விட்டுட்டேன். நாய்க்கு ஆகவே ஆகாதாம். ஏன், உங்க காண்ட்ராக்டர் சொல்லலையா?"

 இந்தக் கையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது என்பது மட்டும்தான் வெர்னெலின் மனசில் ஓடியது. தோட்டத்துக் குழாயைத் திறந்து, முழங்கை வரை தோல் எரிய எரியத் தேய்த்தாள். நீலமாக வழிந்த தண்ணீர் பாத்திப் பக்கம் ஓடியது.

"ஐயோ, அந்தப் பக்கம் விடாதம்மா! ரோஜா செத்துரும்!"

திருமதி ஹோல்கம் ஓடிவந்து, காலால் மண்ணை அணைத்து அவசரமாக வரப்பு கட்டினாள். தண்ணீர் திரும்பி வந்து வெர்னெலின் காலைச் சுற்றித் தேங்கியது.