ஒரு விரல் இடைவெளி

முகம் ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது என்பதெல்லாம் எங்கள் தொழிலில் சர்வ சாதாரணம். தொலைக்காட்சித் தொடர்களுக்கும் இணையத் தொடர்களுக்கும் விளம்பரம் செய்து கொடுக்கிற ஆபீஸ் எங்களுடையது. தொடரை வேறு யாரோ எடுப்பார்கள். அதன் போஸ்டர், முப்பது விநாடி புரோமோ, தலைப்பு எழுத்து புகையிலிருந்து எழுந்து வருவது, இதெல்லாம் எங்கள் கைவரிசை. எழுத்தை நகர்த்துவதும் முகத்தை ஒட்டுவதும் என் வேலை. காட்சிகளை வெட்டிக் கோப்பது கத்தரியின் வேலை.

கத்தரி என்பது ஆபீஸ் வைத்த பெயர். எடிட்டர் என்பதற்காக மட்டும் இல்லை, மனிதர் பேச்சையும் வெட்டித்தான் பேசுவார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் "ஆச்சு" என்பார். திருப்பி நம்மை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றாது. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்காக என் உயிரை வாங்கினார்.

அவரை எனக்குப் பிடிக்கும். அவர் லீவு போட்ட நாளில் எனக்கும் தலைவலிக்கிற மாதிரி இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. அவர் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். அது எப்பேர்ப்பட்ட வாய் என்று தெரிந்தும் காத்திருந்தேன்.

ஒருநாள் காபி மெஷின் பக்கத்தில் வந்து நின்று, "வந்துருச்சு" என்றார். எது என்று நான்தான் பிடுங்கிக் கேட்க வேண்டியிருந்தது. விசா. வெளிநாட்டில் அவருடைய அக்கா வீட்டுக்காரர் ஸ்டூடியோ வைத்திருக்கிறாராம், அங்கே வேலையாம். வெள்ளிக்கிழமை கிளம்புகிறாராம். நான் "நல்லது" என்று சொல்லிவிட்டு, சர்க்கரை போடாத காபியைச் சர்க்கரை போட்டதாக நினைத்துக் குடித்து முடித்தேன். போவதற்குள் அவருக்குத் தெரிய வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. எப்படித் தெரியும், யார் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அந்த வாரம் பார்த்துத்தான் அந்தத் தொடர் எங்களிடம் வந்தது. பிரிந்துபோன கணவனும் மனைவியும் மறுபடி சந்திக்கிற கதை. ஹீரோவுக்கும் ஹீரோயினுக்கும் நிஜத்திலேயே பேச்சுவார்த்தை இல்லை. சேர்ந்து நிற்க மாட்டோம் என்று தனித்தனியாக வந்து, முகத்தை மட்டும் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

எங்கள் ஹெட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். அவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"கத்தரி, நீ ஹீரோ உயரம். நீயும் அவள மாதிரி ஒல்லிம்மா. ரெண்டு பேரும் பச்சைத் துணி முன்னாடி உக்காருங்க. தலைய அப்புறம் ஒட்டிக்கலாம்."

மீட்டிங் ரூமில் மேஜையை ஓரம் தள்ளி, பச்சைத் துணி கட்டி, ரிசப்ஷனில் கிடந்த பெஞ்சைத் தூக்கி வந்து போட்டார்கள். காட்சி இவ்வளவுதான்: பெஞ்சில் இரண்டு பேர், நடுவில் இடம். அவன் கையும் இவள் கையும் பலகைமேல் மெல்ல நகர்ந்து வரும். தொடுவதற்கு ஒரு விரல் இடைவெளி இருக்கும்போது தலைப்பு வந்துவிடும்.

"தொடவே கூடாது," என்றார் அவசரம். "தொட்டா அப்புறம் எவன் பாப்பான்? கடைசி எபிசோட்லதான் தொடணும்."

தொடாமல் எடுத்தோம். என் கை வேகம் என்றார் அவசரம், கத்தரி கை விறைப்பு என்றார். திரும்பத் திரும்ப எடுத்தோம். கடைசித் தடவை ஓடிக்கொண்டிருக்கும்போது அவசரத்துக்கு போன் வந்தது. கட் சொல்லாமல், கேமராவை நிறுத்தாமல், பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே. அந்த ஒரு விரல் இடைவெளி எப்படிப் போனது என்று தெரியாது. என் கை அவர் கைக்குள் இருந்தது. இரண்டு பேரும் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏசி சத்தம் கேட்டது.

"எடுத்தாச்சா?" என்று அவசரம் திரும்பி வந்தார். கத்தரி கையை எடுத்துக்கொண்டார்.

அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் வெட்டினார், நான் ஒட்டினேன். விதிப்படி, தொடுவதற்கு முன்னால் ஷாட் முடிந்தது. என் மணிக்கட்டில் ஒரு தழும்பு உண்டு. பள்ளிக்கூட நாளில் இஸ்திரிப் பெட்டி சுட்டது. ஹீரோயினுக்குத் தழும்பு ஏது? அதையும் துடைத்தெடுத்தேன்.

ஆனால் எனக்கென்று ஒன்று செய்து வைத்துக்கொண்டேன். அதில் தலைப்பைச் சுருக்கி, மிச்சமான இடத்தில் அந்தப் பிடியை முழுசாக வைத்தேன். தழும்பைத் தொடவில்லை. நட்சத்திரங்களின் முகம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன், எனக்குக் கைதான் வேண்டியிருந்தது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் ஓட்டிப் பார்ப்பேன். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதே என்று மற்ற ஃபைல்களுக்கு வைத்த மாதிரியே அதற்கும் பெயர் வைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் பெயர் வைக்கிற லட்சணம் ஊரறிந்தது: ஃபைனல், புது ஃபைனல், இதுதான் ஃபைனல், சத்தியமா ஃபைனல்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கேக் வெட்டினார்கள். கத்தரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியில் என் மேஜைக்கு வந்தார்.

"வரேங்க."

"ம்."

அவர் நின்றார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். பின்னாலிருந்து அவசரம் கத்தினார்: "சேனலுக்கு அனுப்பிட்டியாம்மா? இல்லயா? என் தலைய வாங்காத!" அனுப்பினேன். எதை அனுப்பினேன் என்று யார் பார்த்தது? நிமிர்ந்தபோது பக்கத்து நாற்காலி மேஜைக்குள் தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

வீட்டில் நானும் அம்மாவும்தான். விளம்பரம் வந்தால் அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவாள், என் புரோமோவுக்கு மட்டும் ஏற்றுவாள். அன்று சாயங்காலமும் ஏற்றினாள். பெஞ்ச் வந்தது. ஹீரோ, ஹீரோயின். கைகள் நகர்ந்தன, நெருங்கின, பிடித்துக்கொண்டன. விடவே இல்லை.

"ஏன்டி, அது உன் கையில்ல?" என்றாள் அம்மா. "தழும்பு தெரியுதே! நான் மருந்து போட்ட கை எனக்குத் தெரியாதா? பக்கத்துல யாருடி அது?"

ஊர் உலகமெல்லாம் பார்க்கிறது, என் சொந்த ஃபைலை. போன் அடித்தது. அவசரம்தான், தொலைந்தேன் என்று எடுத்தேன். கத்தரி.

"ஏர்போர்ட்ல டிவி ஓடுது," என்றார். "பாத்தேன்."

"தப்பான ஃபைல் போயிருச்சு."

"தெரியுது."

"அது என்னோடது. நானே வச்சிருந்தது."

"அதுவும் தெரியுது."

இந்த நேரத்திலும் இப்படியா பேசுவார் ஒரு மனிதர்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "முதல்ல கைய நீட்டுனது நீங்கதான?"

"இல்ல. நீங்க."

"பொய் சொல்லாதீங்க. ஃப்ரேம் ஃப்ரேமா ஓட்டிப் பாத்திருக்கேன். உங்க சுண்டுவிரல்தான் முதல்ல அசையுது."



"நானும்தான் ஓட்டிப் பாத்திருக்கேன்," என்றார். "எத்தனையோ தடவ."

சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"திட்டுவீங்களோன்னு..."

"இப்பவும் திட்டத்தான் போறேன்."

"திட்டுங்க."

அங்கே ஏதோ அறிவிப்பு கேட்டது, பெட்டிகளின் சக்கரச் சத்தம் கேட்டது. "கூப்பிடுறாங்க," என்றார். "சேனலுக்குச் சரியானத அனுப்பிருங்க. இத எனக்கு அனுப்பி வைங்க. எனக்கு வேணும்." அவர் வாயிலிருந்து நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

போகாதீங்க என்று சொல்ல வேண்டும். "போங்க," என்றேன். "நேரமாச்சு, போங்க."

அடுத்து வந்தது அவசரம். காது கிழியக் கத்தினார். வீட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, ஆபீஸ் ஃபைல் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, சரியானதைச் சேனலுக்கு அனுப்பினேன். மற்றதைக் கத்தரிக்கு அனுப்பினேன். அனுப்பி முடித்தபோது அவர் போன் அணைந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் அம்மா தயாராக உட்கார்ந்திருந்தாள். சத்தத்தை ஏற்றினாள். பெஞ்ச் வந்தது. கைகள் நகர்ந்தன, நெருங்கின, நின்றன. தலைப்பு வந்துவிட்டது.

"நேத்து புடிச்சாங்களே, இன்னிக்கு ஏன் புடிக்கல?" அம்மா என் பக்கம் திரும்பினாள். "அது உன் கையே இல்லடி. தழும்பக் காணோம்."

"ஆமாம்மா. அது ஹீரோயின் கை."

அம்மா என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துத் தழும்பைத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப நேத்து இதப் புடிச்சிருந்தானே, அவன் எங்க?"

"ஊருக்குப் போயிட்டாரும்மா," என்றேன்.