பார்சல் நின்ற இடம்

மெரியல் ப்ரோபர்ட் எங்கள் பள்ளத்தாக்கில் தபால் கொடுப்பவள். நாற்பத்தைந்து வயதுவரை அவள் குதிரைமேல் ஏறியதே இல்லை. ஐம்பதாவது வயதில் சொந்தமாக ஒரு குதிரை வாங்கி, அதற்கு பார்சல் என்று பெயரும் வைத்தாள். வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டான நிறம், வாளி அகலத்துக்குக் குளம்பு, கண்ணை மறைக்கிற பிடரி. அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் இரண்டு வருடம் தனியாகவே வளர்ந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே குதிரை என் கிழட்டு மேபல்தான்.

அப்படிப்பட்டவனைத்தான் போன செப்டம்பரில் முதல் முறையாக ஃபன் ரைடு என்ற குதிரைச் சவாரிக்குக் கூட்டிப்போனோம். அது பந்தயம் இல்லை. ஊர் மண்டபத்துக் கூரைக்காக வருடம் ஒருமுறை நடப்பது. விவசாயிகள் தங்கள் நிலங்களைத் திறந்துவிடுவார்கள். மலையைச் சுற்றிப் பத்து மைல். வழிநெடுகத் தாண்டுவதற்கு மரக்கட்டைகளும் வேலிகளும் இருக்கும். தாண்டப் பிடிக்காதவர்களுக்குப் பக்கத்திலேயே வழி உண்டு. யாராவது விழுந்தால் உதவ வேலிதோறும் ஓர் ஆள் நிற்பார்.

டிரெய்லரிலிருந்து இறங்கியதும் பார்சல் எதிரே எண்பது குதிரைகளைப் பார்த்தான். அவ்வளவுதான். மெரியலைச் சுற்றிச் சுற்றி வந்தான். வியர்த்து நுரை தள்ளியது. வாய் ஓயாமல் கனைத்தான்.

பக்கத்துப் பண்ணை ஆப்ரி கிட்டின்ஸ் தன் செம்பழுப்புக் குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தபடி எங்களைக் கடந்து போனார். அறுபத்தைந்து வயது மனிதர். வாய் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது.

"என்ன மெரியல், பார்சலை விலாசம் மாத்திக் கொண்டுவந்துட்டியா?"

"விலாசம் சரிதான் ஆப்ரி. இங்க நிக்கிற ஆளுங்கதான் சரியில்ல."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவள் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். "வீட்டுக்குப் போயிடலாமாடி?" என்றேன்.

"ஏன்? அவன் பயந்துதான போயிருக்கான், செத்தா போயிட்டான்? கடைசியா கிளம்புவோம்."

எண் அட்டை கொடுத்துக்கொண்டிருந்த பெடோஸ் அம்மாவிடம் போய் அதையே சொன்னாள். எல்லோரும் கிளம்பிப் போகிற முக்கால் மணி நேரமும் அவனைக் கையில் பிடித்து வேலியோரமாக நடத்திக்கொண்டே இருந்தாள். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. கடைசிக் குதிரையும் மேட்டுக்கு அப்பால் மறைந்த பிறகுதான் ஏறினாள். நான் மேபல்மேல் அவர்கள் பின்னால் போனேன்.

முதல் கட்டையில் பார்சல் நின்றுவிட்டான். குனிந்து முகர்ந்து பார்த்தான். "பாத்துக்க, இதுக்குப் பேரு கட்டை," என்று சொல்லிவிட்டுப் பக்க வழியில் திருப்பினாள். இரண்டாவது கட்டை முழங்கால் உயரம்தான். அவனோ வீட்டைத் தாண்டுகிறவன் மாதிரி எகிறினான். மெரியலின் ஒரு கால் அங்கவடியிலிருந்து கழன்றது. கழுத்தைக் கட்டிக்கொண்டு கீழே விழாமல் தப்பித்தவள், மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். மூன்றாவதை இருவரும் சேர்ந்து ஒரே உடம்பாகத் தாண்டினார்கள். முப்பது வருடமாகக் குதிரை ஓட்டுகிறவள் நான். பின்னாலிருந்து பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது.

மலை உச்சிக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. எதிரே ஆள் இல்லாத குதிரை ஒன்று, கடிவாள வார் தரையில் புரள, எங்களை நோக்கி நாலுகால் பாய்ச்சலில் வந்தது. ஆப்ரியின் செம்பழுப்பு. மேபல் மிரண்டு திரும்பி, என்னைத் தூக்கிக்கொண்டு ஐம்பது கஜம் ஓடிவிட்டாள். அவளை ஒருவழியாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், பார்சல் வழியின் குறுக்கே அசையாமல் நின்றிருந்தான். ஓடிவந்தது வேகம் குறைந்து, தயங்கி, அவன் மூக்கோடு மூக்கு வைத்தது. மெரியல் மெதுவாகக் குனிந்து வாரைப் பிடித்தாள்.

கொஞ்சம் தள்ளி, விழுந்த இடத்திலேயே ஆப்ரி பள்ளத்தோரம் உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தோள் எலும்பு முறிந்திருந்தது, பார்த்தாலே தெரிந்தது. போனில் சிக்னல் இல்லை.

"நீ போய் அடுத்த வேலிகிட்ட நிக்கிறவங்ககிட்ட சொல்லுடி. அவங்ககிட்ட வயர்லெஸ் இருக்கு," என்றாள் மெரியல்.

"மேபல் போனா இவன் நிக்கமாட்டானே."

"நிப்பான். போ."

எனக்கு நம்பிக்கை இல்லை. எதிர்ச் சரிவில் எழுபது எண்பது குதிரைகள் வரிசையாக வீடு பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. கூட்டம் போகும்போது தனியாக நிற்பதைப் போன்ற வதை குதிரைக்கு வேறு கிடையாது. நான் கிளம்பியதுமே பார்சலின் அலறல் முதுகில் வந்து அறைந்தது. மேட்டைத் தாண்டும்வரை கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை ஆப்ரிதான் பிற்பாடு எனக்குச் சொன்னார். பார்சல் முன்னங்காலால் தரையைப் பிறாண்டினானாம், உடம்பெல்லாம் வெடவெடத்ததாம். மெரியல் கீழே இறங்கி, தன் கோட்டைக் கழற்றி ஆப்ரிக்குப் போர்த்திவிட்டு, இரண்டு குதிரைகளையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, பார்சலின் காதருகே தான் தினம் தபால் போடும் வீடுகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாளாம். பாலத்து வீடு, ரெண்டு கடிதம். பச்சைக் கதவு வீடு, கேட்டைச் சாத்தணும். பழைய மில், யாரும் இல்ல, சன்னல்ல வைக்கணும்.

"என் வீடு வந்துச்சு பாரு," என்றார் ஆப்ரி. "'நாய் பரவால்ல, வீட்டுக்காரன்தான் கடிப்பான்'னு சொன்னா. சிரிச்சுட்டேன். தோள்ல உசிர் போச்சு."

நாற்பதாவது வீடு வருவதற்குள் பார்சலின் தலை அமைதியாகத் தாழ்ந்துவிட்டதாம்.

நான் உதவிக்குச் சொல்லிவிட்டுத் திரும்பியபோது கண்ட காட்சி இது: பார்சல் காற்றுக்கும் மழைக்கும் முதுகைக் கொடுத்து நிற்கிறான். அவன் மறைவில் ஆப்ரி. செம்பழுப்பு அவன் விலாவில் முகத்தைப் புதைத்திருக்கிறது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்ட, பல் கிடுகிடுக்க, மெரியல் இன்னும் வாயாலேயே தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருக்கிறாள். நாலு சக்கர வண்டி உறுமிக்கொண்டு வந்தபோதும் பார்சல் ஒரு காதை மட்டும் திருப்பினான்.

"இந்தக் குதிரைய எனக்குக் குடுத்துடு," என்றார் ஆப்ரி, வண்டியில் ஏற்றும்போது.

"முதல்ல உங்க குதிரைமேல உக்காரக் கத்துக்குங்க," என்றாள் அவள். ஆனால் தன் கோட்டை அவர் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்கவில்லை.

என் மழைக்கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டேன். செம்பழுப்பை ஆள் மாற்றி ஆள் பிடித்துக்கொண்டு, மீதி நாலு மைலும் குதிரைகளை நடக்கவிட்டே வந்தோம். எல்லா வேலிக்கும் பக்க வழிதான். கீழே புல்வெளியில் வண்டிகள் முக்கால்வாசி போய்விட்டன. கடைசிக் கட்டையருகே நின்று பார்க்கவேண்டிய ஆள்கூட மடக்கு நாற்காலியோடு கிளம்பிவிட்டிருந்தார்.

மெரியல் நின்று அந்தக் கட்டையைப் பார்த்தாள். செம்பழுப்பின் வாரை என்னிடம் நீட்டினாள்.

"இதக் கொஞ்சம் பிடிடி."

"களைச்சுப் போயிருக்கியேடி!"

"நான்தான் களைச்சிருக்கேன். அவன் காதப் பாரு."

பார்சலின் இரண்டு காதுகளும் கட்டையை நோக்கி நிமிர்ந்திருந்தன. அவள் தொடை தொட்டதும் தொடாததுமாகக் கிளம்பினான். சேறு பறந்தது. அந்தப் பெரிய குளம்புகள் நான்கும் ஒன்றாக மடங்கி எழுந்து, கட்டைக்கு அந்தப்புறம் ஓசையில்லாமல் இறங்கின. பார்த்தது நானும் இரண்டு குதிரைகளும் நனைந்த சில ஆடுகளும்தான். கை நிறைய இரண்டு குதிரைகளின் வார் இருந்ததால் என்னால் கைதட்ட முடியவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.