மூன்றாவது தீவில் ஒன்றரை மணி நேரம்

சுற்றுலாப் படகுகளுக்குப் பாதை எழுதுவது என் வேலை. துறைமுக அலுவலகத்தின் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம், கடல் எத்தனை மணிக்கு ஏறும், எப்போது வற்றும் என்று அட்டவணையைப் பார்ப்பேன். எந்தத் தீவு முதலில், எங்கே எவ்வளவு நேரம் என்று சீட்டில் எழுதிப் படகோட்டியிடம் கொடுப்பேன். மொத்தம் நான்கு தீவுகள். பதினாறு வருடத்தில் ஒன்றில்கூட நான் கால் வைத்ததில்லை. யாராவது கேட்டால், பரிமாறுகிறவன் பந்தியில் உட்கார முடியுமா என்று சொல்லிச் சமாளிப்பேன்.

உண்மையில், எல்லாவற்றிலும் தூரத்தில் இருக்கிற தீவில் என் தங்கை இருந்தாள்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனபின் அவளுக்குத் தலை பின்னிவிட்டதுகூட நான்தான். ஒன்பது வருடத்துக்கு முன், பயணிகளுக்கு முக்குளிக்கச் சொல்லித்தருகிற ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். கடலுக்குள் தலைகீழாகத் தொங்குகிறவன் குடும்பத்தை எப்படி நிமிர்த்துவான் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்துக்கு நான் போகவில்லை. இனி இந்த வாசலை மிதிக்காதே என்றும் சொல்லியனுப்பினேன். அவள் மிதிக்கவில்லை. சொன்ன சொல்லைக் கேட்பதில் சின்ன வயதிலிருந்தே என்னைவிடக் கெட்டிக்காரி.

படகோட்டி மாலையில் திரும்பும்போது, தங்கச்சி உங்களைக் கேட்டதாகச் சொல்வார். சரி என்பேன். பெண் குழந்தை பிறந்திருப்பது, கடற்கரையில் குடையும் நாற்காலியும் வாடகைக்கு விடுவது, முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டது, எல்லாம் அவர் வழியாகத்தான் வந்தன. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். இரண்டு வருடத்துக்கு முன் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதன்பிறகுதான், தினமும் படகு திரும்புகிற நான்கு மணிக்கு என் கண் தானாகவே ஜன்னல் பக்கம் போவதைக் கவனித்தேன்.

போன வாரம் டீ குடிக்கும்போது படகோட்டி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே, அவள் கணவனுக்குக் கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும் வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு கிளம்புவதாகவும் சொன்னார். நான் வியாழக்கிழமைக்கு லீவு எழுதினேன்.

புதன் மாலை, நான் போகப்போகிற படகுக்கு நானே பாதை எழுத உட்கார்ந்தேன். வழக்கமாகத் தூரத்துத் தீவுதான் முதலில். காலையில் கடல் ஏறியிருக்கும்போதுதான் கரைக்கு முன்னால் இருக்கிற பவளப்பாறையைப் படகு தாண்ட முடியும். அங்கே நாற்பது நிமிடம். அந்த நாற்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்குள் பால் பொங்கி வழிந்துவிடும் என்பாள் என் மனைவி. நாற்பது நிமிடம் எனக்குத் தொண்டையைச் செருமவே போய்விடும். மூன்றாவது தீவில் மதியச் சாப்பாடு, ஒன்றரை மணி நேரம். தூரத்துத் தீவை அந்த இடத்துக்கு மாற்றினேன்.

அந்த நேரத்தில் தண்ணீர் வற்றியிருக்கும் என்பது தெரியும். அட்டவணை கண்ணெதிரே இருந்தது. வேறொருவர் அப்படி எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். கிழக்குக் காற்று பாறைமேல் ஒரு சாண் தண்ணீரைக் கூடுதலாகத் தள்ளி வைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் படகோட்டி சீட்டை இரண்டு முறை படித்தார்.

"மூணாவதா?"

"ஆமா."

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்."

முதல் இரண்டு தீவுகள் எப்படி இருந்தன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வெள்ளை மணல் இருந்தது. எல்லோரும் தண்ணீரில் இறங்கினார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், கடலைக் கண்ணாலயும் கொஞ்சம் பாருங்க, ஃபோன் கோவிச்சுக்காது என்று கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் படகை விட்டு இறங்கவேயில்லை.

மூன்றாவது தீவுக்கு இருநூறு அடி முன்னாலேயே இன்ஜின் நின்றது. பாறைகள் தண்ணீருக்கு மேலே முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. படகோட்டி கழியால் ஆழம் பார்த்துவிட்டு, இதற்குமேல் போகாது, சாப்பாட்டைப் படகிலேயே முடித்துக்கொண்டு மீன் பார்க்கலாம் என்றார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், எந்த அறிவாளி சார் இந்த நேரத்தைக் குறிச்சது என்று கேட்டார்.

"புதுசா ஒருத்தர் சார். கத்துக்கிடுவார்," என்றார் படகோட்டி, என் பக்கம் திரும்பாமல்.

கரையில் நீலக் குடைகள் வரிசையாக நின்றன. கழுத்தளவு முடியோடு ஒருத்தி நாற்காலிகளை மடித்து, இரண்டிரண்டாக இடுப்பில் சாய்த்துத் தூக்கிப்போனாள். குடத்தையும் அப்படித்தான் தூக்குவாள்.

நடந்து போகமுடியுமா என்று கேட்டேன். படகோட்டி தண்ணீரைப் பார்த்தார். பெரும்பாலும் இடுப்பளவுதான், ஆனால் பாறை காலைக் கிழித்துவிடும், செருப்பைக் கழற்றாதீர்கள், ஒன்றரை மணி நேரம் நிற்பேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க வர்றது தங்கச்சிக்குத் தெரியாது. நான் சொல்லல. சொல்லி, நீங்க வராமப் போயிட்டீங்கன்னா?"

ஏணியில் இறங்கினேன்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவளுக்கென்று எதுவும் வாங்கிவரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு அடியையும் துழாவித்தான் வைக்க முடிந்தது. பாதி தூரம் போனதும் முன்னால் தண்ணீர் கருநீலமாக மாறியது. எனக்கு நீச்சல் தெரியாது. இந்த ஆழத்தை வரைபடத்தில் எண்ணாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கம் குறையும் என்று நினைவுக்கு வரவில்லை. நின்றுவிட்டேன்.

கரையில் அவள் நிமிர்ந்தாள். நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். நான் கையசைக்கவில்லை, அவளும் அசைக்கவில்லை. அவள் நாற்காலிகளைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீரின் விளிம்புக்கு வந்தாள். கணுக்கால் நனைகிற இடத்தில் நின்றாள். மறுபடியும் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நேரம் குறிப்பதுதான் என் தொழில்.

"உனக்கு எல்லாமே நேராத்தான் போகணும்," என்று கத்தினாள். "அங்க பள்ளம். இடது பக்கமா சுத்தி வா."

நான் இடது பக்கம் திரும்பினேன். அது நீண்ட சுற்று, கரையிலிருந்து விலகிப் போவது போலத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது அவளும் கரையோரமாக அதே பக்கம் நடந்துகொண்டிருந்தாள். நான் நின்றால் நின்றாள். காலை எடுத்து வைத்தால் அவளும் வைத்தாள்.