டிஷ்யூ வைத்த மேஜை

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா உணவங்காடியில் உட்கார ஓர் இடம் கிடைப்பதே பெரிய பாடு. நான் இரண்டு இடம் பிடிப்பவன். ஒன்றில் நான் உட்காருவேன், எதிர் இருக்கையில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைப்பேன். சிங்கப்பூரில் அது போதும். ஆள் வரப்போகிறார் என்று அர்த்தம், யாரும் தொட மாட்டார்கள். வரவேண்டிய ஆள் என் மனைவி பஞ்சவர்ணம். அவள் அமெரிக்காவில், எங்கள் மகள் சிவானி வீட்டில் இருக்கிறாள். திரும்பி வருவாளா, மாட்டாளா, தெரியவில்லை. வாய் திறந்து கேட்கவும் எனக்கு வரவில்லை. இந்த நடேசனுக்கு வாய் குறை சொல்ல மட்டும்தான் திறக்கும் என்பாள் அவள்.

வர்ணம் பஸ் ஓட்டியவள். ஜூரோங்கில் கிளம்பி, சுற்றிக்கொண்டு ஜூரோங்குக்கே வந்து நிற்கும் பஸ். இருபது வருஷத்துக்கு மேல் அதே வட்டம், அதே நிறுத்தங்கள். எனக்கு லைசென்ஸ்கூடக் கிடையாது. பின்னேர வேலை முடிந்து அவள் ஆங் மோ கியோ வீட்டுக்கு வரும்போது சோறும் தேநீரும் தயாராக வைத்திருப்பேன், அதுதான் என் பங்கு. ஓய்வு பெற்றதும் ஒரே ஓர் ஆசைதான் சொன்னாள். ஸ்டாப்பே இல்லாத ரோட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். இதற்குமேல் ஒரு மனுஷன் எப்படி மாட்டேன் என்பான்?

அரிஸோனாவில் ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. எங்கள் வீட்டுச் சமையலறைக்குச் சக்கரம் மாட்டியது போல இருந்தது. அந்த ஊரில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முதல் நாள் பூராவும் வலது பக்கம், வலது பக்கம் என்று கத்திக்கொண்டே வந்தேன். இன்னொரு தடவை கத்தினால் அடுத்த ஸ்டாப்பில் இறக்கி விட்டுவிடுவேன் என்றாள். எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் சிவப்பு மண்தான், ஸ்டாப்பும் இல்லை ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

மேசா வெர்டே என்ற இடத்தில், மலைக்குடைவுக்குள் அடுக்கடுக்காகக் கட்டிய பழங்காலத்து வீடுகளைப் பார்த்தோம். எழுநூறு வருஷத்துக்கு முன்பே ஜனங்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்களாம். நம் ஊர் வீவக அடுக்குமாடி புளோக் மாதிரியேதான் இருக்கிறது, லிஃப்ட் போட்டுத் தரவில்லை என்றுதான் காலி செய்திருப்பார்கள் என்றேன். ஏணியில் ஏறிக்கொண்டிருந்தவள் சிரித்த சிரிப்பில் வழிகாட்டிப் பெண்மணி பயந்தே போனார். அவளை அப்படிச் சிரிக்க வைத்து எத்தனை காலம் ஆகியிருந்தது! எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையில்தான் கிராண்ட் கேன்யன் பக்கம் போய் மானத்தைப் பறிகொடுத்தேன். காட்டுக்குள் ஒரு முகாம், முதலில் வருபவருக்கே இடம். பைன் மரத்தடியில் மரமேஜையோடு அருமையான இடம் காலியாக இருந்தது. மேஜை மேல் டிஷ்யூ பொட்டலத்தை வைத்தேன். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் வைத்தேன். நிம்மதியாக வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் சூரியன் இறங்குவதைப் பார்க்கப் போனோம். திரும்பி வந்தால் நம் இடத்தில் ஒரு குடும்பம் கூடாரம் அடித்து, இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தது. என் டிஷ்யூவில் அந்தக் குடும்பத் தலைவர் கை துடைத்துக்கொண்டிருந்தார். இது எங்கள் இடம் என்று டிஷ்யூவைக் காட்டி நான் வாதாட, அவர் மிகவும் நல்ல மனிதர், மிச்சம் இருந்ததை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். வர்ணம் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். அன்றிரவு நெடுஞ்சாலை ஓரத்து லாரிகளுக்கு நடுவில் படுத்தோம்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று சொன்னாள்.

"இந்த ரோடு எனக்கு இன்னும் போதலைங்க. கொஞ்ச நாள் சிவானிகிட்ட இருந்துட்டு வர்றேனே."

நீ இல்லாமல் எனக்கு முடியாது, வா என்று சொல்லியிருக்கலாம். நானும் இருக்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. அந்த நீண்ட சாலையில் அவளுக்கு ஸ்டியரிங் போதும், நான் எதற்கு என்று தோன்றிவிட்டது. சரி, உன் இஷ்டம் என்றேன். விமான நிலையத்தில் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் போனில் பேசுவதெல்லாம் சாப்பிட்டாயா, மழையா, வெயிலா, அவ்வளவுதான். அவள் இல்லாத வீட்டில் இரண்டு பேருக்குத் தேநீர் போட்டு, ஒன்றைக் கொட்டுகிறேன். உண்மையைச் சொன்னால், அவள் இல்லாமல் எனக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை.

இன்று காலையும் தேக்காவில் டிஷ்யூவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பம் தட்டோடு ஓர் அம்மா வந்து, ஆள் இருக்கிறார்களா என்று கேட்டார். வருகிறார்கள் என்றேன். அவர் பாவம், தட்டோடு தூண் பக்கமாக ஒதுங்கி நின்றார். அப்போதுதான் போனில் ஒரு படம் வந்தது. பைன் மரம், அதே மரமேஜை, அதன்மேல் டிஷ்யூ பொட்டலம், அதன்மேல் ஒரு கல். பின்னால் ஓர் ஆர்.வி. நின்றது. அங்கே சனிக்கிழமை சாயங்காலம், வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. கூடவே அவள் குரல் பதிவும் வந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"என்னங்க, எடம் பிடிச்சாச்சு. உங்கள மாதிரி வச்சுட்டு ஊர் சுத்தப் போகல, நானும் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். ரெண்டு வாரம் வரைக்கும் இங்க இருக்கலாமாம். ஏர்போர்ட்ல ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன், சொல்லல. சரி, நானே சொல்றேன். பக்கத்து சீட்டுல குறை சொல்ல ஆள் இல்லாம வண்டி ஓட்டவே பிடிக்கலங்க. வாங்க லா."

இன்னொரு தடவை கேட்டேன். மூக்கு ஒழுகியது. எதிரில் இருந்த பொட்டலத்தைப் பிரித்துத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டேன். தூண் பக்கம் நின்ற அம்மாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். அவர் தயங்கினார். ஆள் வருகிறார்கள் என்றீர்களே என்றார்.

"இல்லம்மா, அவ வரல," என்றேன். "நான்தான் போறேன்."