நெருப்பில் பாதி என்னுடையது

சிறிதேவிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனிதான் சிவக்கும். அன்றைக்கு மைனஸ் எட்டுக் குளிரில் அங்கே நின்ற எல்லாருடைய மூக்கும் சிவந்திருந்ததால் அவளுடைய கோபத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் ஆர்னே அந்தத் தாளை அவள் கையில் கொடுத்திருக்கவே மாட்டார்.

தாளில் நோர்வேஜிய மொழியில் அழகாக அச்சடித்திருந்தார். இம்போல்க், ஞாயிறு, பெப்ரவரி 1, 2004. வழிநடத்துபவர்: ஆர்னே. பால் தூக்குபவர்: சிறிதேவி.

பால் தூக்குபவராம்! அவள் ஒரு தடவை வாசித்தாள், கண் பிழையோ என்று இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு தாளை நாலாக மடித்து ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி, பார்ப்போம்" என்று மனதுக்குள் சொன்னாள். சிறிதேவி "பார்ப்போம்" என்று சொன்னால் அது சும்மா சொல்லுகிற பார்ப்போம் இல்லை. அவளுடைய புருசனைக் கேட்டால் தெரியும்.

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் வீடுகள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு ஏரி இருக்கிறது. அதன் கரையில் வருடத்துக்கு எட்டுத் தடவை ஒன்பது பேர் கூடுவார்கள். அயர்லாந்துப் பக்கத்துப் பழைய கெல்டிக் மக்கள் பருவத்துக்குப் பருவம் கொண்டாடிய திருவிழாக்களை இவர்கள் இங்கே கொண்டாடினார்கள். இம்போல்க் என்பது பனிக்காலத்தின் நடுவில், ஆடுகள் குட்டி ஈனப்போகும் முன் மடியில் பால் இறங்குகிற நேரத்துத் திருவிழா. பிரிகிற் என்கிற பெண் தெய்வத்துக்கு நெருப்பு மூட்டி, பால் வைத்து, எல்லாரும் குடிப்பார்கள்.

இந்த வட்டத்தைத் தொடங்கியவர் ஆர்னே. ஓய்வுபெற்ற வாத்தியார். மூன்று கோடைகாலம் அயர்லாந்தில் இருந்துவிட்டு வந்து, ஐரிஷ் மொழியை ஒலிநாடாவில் கேட்டுப் படித்தவர். வட்டத்தில் உண்மையான அயர்லாந்துக்காரி நோரா ஒருத்திதான். ஆர்னே ஐரிஷில் மந்திரம் சொல்லும்போதெல்லாம் அவள் சால்வையால் வாயை மூடிக்கொள்வாள். குளிருக்கு என்று மற்றவர்கள் நினைப்பார்கள். சிரிப்புக்கு என்று சிறிதேவிக்குத் தெரியும்.

நோராவும் சிறிதேவியும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. ஆறு வருடத்துக்கு முன் நோராதான் இவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முதல் நாளே சிறிதேவிக்குப் பிடித்துப்போனது. எந்த ஊர், ஆருடைய மகள், எங்கே கலியாணம் செய்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த முறை மரியாதைக்கு ஒரு பெட்டி வடை சுட்டுக்கொண்டு போனாள். அதுதான் அவள் விட்ட பிழை. அன்றிலிருந்து ஆறு வருடம், எட்டுத் திருவிழாவுக்கும் வடையும் ரோல்ஸும் அவள் பொறுப்பு என்று ஆகிவிட்டது. ஆர்னே பேசுவார், சிறிதேவி பரிமாறுவாள்.

போன இலையுதிர்காலத்தில் நோராதான் பொறுமை இழந்தாள். "எட்டுத் திருவிழாவையும் ஒரே ஆள் நடத்த இதென்ன பள்ளிக்கூடமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். வாக்கெடுத்தார்கள். இனி ஒவ்வொரு திருவிழாவையும் இரண்டு பேர் சேர்ந்து நடத்துவது, ஆளுக்குப் பாதி, யார் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது என்று முடிவானது. ஆர்னேயும் கை தூக்கினார். தூக்காமல் இருக்க முடியாதே.

அப்போது சிறிதேவி தன் ஊர்க் கோயில் வழக்கத்தைச் சொன்னாள். எங்கள் ஊரில் பத்து நாள் திருவிழா நடந்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம், அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்குத்தான் முன்னிடம், வேறு ஒருவரும் தலையிட முடியாது என்றாள். எல்லாரும் வாய் பிளந்து கேட்டார்கள். மீதிக் கதையை அவள் சொல்லவில்லை. இங்கே ஒஸ்லோவிலும் அவர்களுக்கு ஐந்தாம் திருவிழா உபயம் உண்டு. வேட்டி கட்டி முன்னுக்கு நின்று, கோயில் மரியாதையாகக் கொடுக்கிற காளாஞ்சித் தட்டை வாங்குகிறவர் அவளுடைய புருசன் குகநேசன். சிறிதேவி விடிய முதல் மடப்பள்ளியில் நின்று சர்க்கரைப் பொங்கல் கிண்டுவாள். மணிச் சத்தம் கேட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவருவதற்குள் தீபாராதனை முடிந்துவிடும். தன் சொந்த உபயத்தின் தீபத்தை அவள் ஒரு தடவைகூட முழுதாகக் கண்டதில்லை. அதை நினைத்தால் அவளுக்கு வயிறு எரியும்.

சீட்டில் இம்போல்க்குக்கு ஆர்னேயும் சிறிதேவியும் விழுந்தார்கள். அன்றைக்கே அவள் போய், "என் பாதியை நான் தமிழில் செய்வேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஆர்னே பரிவோடு சிரித்தார். "பிரிகிற்றுக்கு விளங்க வேண்டாமா?"

"உன்னுடைய ஐரிஷ் விளங்கினால் என்னுடைய தமிழும் விளங்கும்" என்றாள் சிறிதேவி. நோர்வேயில் எல்லாருக்கும் நீதான். அறுபத்தைந்து வயது மனிதரை நீ என்று சொல்ல முதல் வருடங்களில் அவளுக்கு நாக் கூசியது. அன்றைக்குக் கூசவில்லை. நோரா சால்வையால் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டிலும் சும்மா விட்டார்களா? இம்போல்க்குக்கு முதல்நாள் இரவுச் சாப்பாட்டில் குகநேசன் தொடங்கினார்.

"உமக்கென்ன விசரே? எங்கடை கோயில் இருக்கேக்கை, வெள்ளைக்காரரோடை காட்டுக்குள்ளை போய் நெருப்புக் கும்பிடப் போறீராம். சனம் என்ன கதைக்கும்?"

"சனம் கதைக்கட்டும். கோயில்லை எனக்கு எங்கை இடம்? மடப்பள்ளிப் புகைக்குள்ளை."

"உபயம் எங்கடை ரெண்டு பேருக்கும் பொதுதானே?"

"கூப்பிடேக்கை என்னெண்டு கூப்பிடுகினம்? குகநேசன் குடும்பம் எண்டு. அந்தக் குடும்பத்துக்குள்ளை நான் ஒரு மூலையிலை கிடக்கிறன். நாளைக்கு ஒரு பாதி எனக்கு. முழுசாக் கேக்கேல்லை, பாதி. அதையும் விடச் சொல்லுறியளோ?"

குகநேசன் மிச்சச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனார். ஆனால் அடுத்த நாள் மத்தியானம் கார்ச் சாவியை எடுத்தார். "பானையோடை பஸ்ஸிலை ஏறி மானத்தை வாங்காதையும். நான் கொண்டுபோய் விடுறன்" என்றார். விட்டுவிட்டுப் போகவும் இல்லை. தூரத்தில் ஒரு பேர்ச் மரத்தடியில் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

இப்போது ஏரிக்கரையில், உறைபனியின்மேல் கல் அடுக்கி நெருப்பு எரிந்தது. பக்குவமான சின்ன நெருப்பு. "சடங்கு முடியும்வரை இது அணையக் கூடாது, இது பிரிகிற்றின் நெருப்பு" என்று ஆர்னே விரலை உயர்த்திச் சொல்லியிருந்தார். அதன்மேல் சிறிதேவியின் பானை. சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு, வீட்டில் பொங்கலுக்கு வார்ப்பதுபோலக் கழுத்துவரை பால் வார்த்திருந்தாள். கை பழகிய அளவு. அதைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

ஆர்னே பேசத் தொடங்கினார். சூரியனைப் பற்றிப் பேசினார், ஆடுகளைப் பற்றிப் பேசினார், அயர்லாந்தின் ஒரு கிணற்றைப் பற்றிப் பேசினார். பாதி தாண்டியது. சிறிதேவி ஒரு அடி முன்னால் வந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஐரிஷுக்கு மாறினார். சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த மனுசன் நிப்பாட்டப் போறதில்லை என்று அவளுக்கு விளங்கியது. அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது.

அந்த நேரத்தில் பால் எழும்பத் தொடங்கியது.

ஆர்னே பேச்சை நிறுத்தாமலே கண்ணால் காட்டினார். இறக்கு என்று. பால் தூக்குபவர் என்றால் இறக்கியிருப்பார். சிறிதேவி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சிறிதேவி, பால்!" என்று ஒருத்தி கத்தினாள்.

"தெரியும்."

"பொங்கி ஊத்தப் போகுது!"

"பொங்கத்தான் வேணும்."

நுரை கழுத்தைத் தாண்டியது. வெள்ளையாகப் பொங்கி, கிழக்குப் பக்கமாக வழிந்து, சுர்ரென்ற சத்தத்தோடு நெருப்பில் விழுந்தது. எங்கே விழுந்தாலும் நல்லதுதான், கிழக்கே விழுந்தால் அதிலும் நல்லது என்று அவள் நெஞ்சு ஒரு கணம் நிறைந்தது. அடுத்த கணம் நெருப்பு அணைந்துவிட்டது. ஊரில் அடுப்பு வேறு, விறகு வேறு. இந்தச் சின்ன நெருப்பு ஒரு பானைப் பாலைத் தாங்குமா என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கும் திக்கென்றது.

புகை எழும்பியது. ஆர்னேயின் முகம் செம்பருத்திப் பூவாகிவிட்டது.

"அணைத்துவிட்டாய்! பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட இப்படி நடந்ததில்லை. இதற்குத்தான் சொன்னேன், தெரியாத ஆட்களிடம் கொடுக்கக் கூடாது என்று. முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்." குனிந்து தன் பையை எடுத்தார். இரண்டு பேர் அவரோடு போகத் திரும்பினார்கள்.

தெரியாத ஆட்கள்! ஆறு வருடம் அவள் கையால் வாங்கித் தின்ற வாய். சிறிதேவிக்கு வந்த பயமெல்லாம் அந்த ஒரு சொல்லோடு பறந்துபோனது.

"முடியேல்லை" என்று முதலில் தமிழில் சொன்னாள். பிறகு நோர்வேஜிய மொழியில், ஏரியின் அந்தக் கரையில் நிற்பவருக்கும் கேட்கும்படி சொன்னாள். "முடியவில்லை ஆர்னே. உன் பாதி முடிந்தது, என் பாதியிலும் பாதியை நீ எடுத்துவிட்டாய். மிச்சம் என்னுடையது. பையைக் கீழே வை."

ஆர்னே வைக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை.

அவள் முழங்காலிட்டாள். நனைந்த விறகைக் கையுறையோடு இழுத்து எறிந்தாள். காய்ந்த பேர்ச் பட்டைகளைக் கூட்டி வைத்தாள். தன் பாதிக்கென்று கொண்டுவந்த கற்பூரப் பெட்டியை எடுத்து, எண்ணாமல் முழுவதையும் கொட்டினாள். முதல் தீக்குச்சி காற்றில் போனது. இரண்டாவதும் போனது. அவள் விரல் விறைத்துவிட்டது. மூன்றாவது குச்சியை எடுத்தபோது காற்று நின்றதுபோல இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். நோரா சால்வையை விரித்துப் பிடித்திருந்தாள். பக்கத்தில் மற்றவர்கள் தோளோடு தோள் ஒட்டி, காற்றை மறித்து நின்றார்கள். திரும்பிய இரண்டு பேரும் அதில் நின்றார்கள்.

கற்பூரம் குப்பென்று பிடித்தது.

சிறிதேவிக்கு மூன்று கிழமையாகப் பாடமாக்கிய வசனமெல்லாம் மறந்துபோனது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அம்மா பிரிகிற், நீ ஆரெண்டு எனக்கு முழுக்கத் தெரியாது. நான் ஆரெண்டு உனக்கும் தெரிஞ்சிருக்காது. சொல்லுறன், கேள். என்ரை பேர் சிறிதேவி. இந்த நெருப்பை அணைச்சதும் நான்தான், திருப்பி மூட்டினதும் நான்தான். பால் பொங்கினதை நீ கண்டிருப்பாய். இந்தப் பனி உருகட்டும். இஞ்சை நிக்கிற எல்லாற்றை வீட்டிலையும் பொங்கட்டும்."

பிறகு அங்கே நின்றவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். தங்கள் பெயர் வந்தபோது ஒவ்வொருவரும் தலை நிமிர்ந்தார்கள். ஆர்னேயின் பெயரையும் சொன்னாள், அதையும் விடவில்லை. கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்கும்போதெல்லாம் புருசன் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். இன்றைக்குத் தன் பெயரை முதலில் சொல்லிவிட்டதை அவள் பிறகுதான் உணர்ந்தாள். குரல் ஒரு தடவை உடைந்தது. உடைந்தால் என்ன, நிறுத்தவில்லை.

கற்பூரத் தீபம் எரிந்து முடியும்வரை கண் வெட்டாமல் பார்த்தாள். கையைக் கழுவ ஓடவேண்டிய தேவை இல்லை.

நோரா ஒரு கோப்பையில் மிச்சப் பாலை அள்ளி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினாள். வழக்கம்போல அதை வாங்கிப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்கப் போன கையை சிறிதேவி பாதி வழியில் நிறுத்தினாள். கோப்பையை வாயில் வைத்தாள். புகை மணத்தது. சூடு தொண்டைவழியே இறங்கியது. அடிவரை குடித்தாள்.

மற்றவர்கள் கோப்பைகளோடு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், எப்போதும்போல. அவள் அகப்பையை எடுத்து ஆர்னேயிடம் நீட்டினாள்.

"என்ன?" என்றார் ஆர்னே.

"பாதி பாதி என்றுதானே வாக்கெடுத்தோம்? பரிமாறுவது உன் பாதி."

ஆர்னே அகப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நோராவைப் பார்த்தார். நோரா சால்வையால் வாயை மூடவில்லை, வெளிப்படையாகவே சிரித்தாள். கடைசியில் மனிதர் பையைக் கீழே வைத்துவிட்டு அகப்பையை வாங்கினார். பரிமாறிப் பழகாத கை. முதல் கோப்பையிலேயே தன் கையுறைமேல் ஊற்றிக்கொண்டார். "கொஞ்சம் சரித்து ஊத்து" என்று சொல்லிக்கொடுத்தாள் சிறிதேவி. உதவப் போகவில்லை.

எல்லாரும் குடித்த பிறகு குகநேசன் பேர்ச் மரத்தடியிலிருந்து மெல்ல வந்தார். ஆர்னே அவருக்கும் ஒரு கோப்பை கொடுத்தார். அவர் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பெண்சாதியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. புகைக்கு என்று சொல்லலாம்.

"நீர் குடிச்சீரோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றாள் சிறிதேவி. "முதல் ஆளாக் குடிச்சிட்டன்."