நல்லப்பன் பேரில் ஒரு மனை

எங்கள் காலேஜ் தமிழ்ச் சங்கத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு வாசகர்கள் பதினான்கு பேர். பதின்மூன்று பேர் அதில் எழுதுகிறவர்கள். மீதி ஒருவர் மா மங்கலம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

ரங்கூன் தாமுவே சந்தைக்குப் பக்கத்தில் மங்கலம் அக்கா மொஹிங்காக் கடை வைத்திருந்தார். தகப்பன் தஞ்சாவூர்ப் பக்கம், தாய் பெகுவைச் சேர்ந்த பர்மாக்காரி. அதனால் பர்மாக்காரர்கள் மரியாதைக்குப் பேருக்கு முன்னால் வைத்த 'மா'வைத் தமிழர்களும் எடுத்துவிடவில்லை. புருஷன் பொன்னுத்துரை ரயில்வே பட்டறையில் பிட்டர். காலேஜுக்குப் போகும் வழியில் அந்தக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, மீன்சாறு ஊற்றிய ஒரு கிண்ணம் அரிசிச் சேமியாவைக் காலி செய்துகொண்டே உலகத்தைக் கேலி செய்வது என் காலை வேலை.

1924இல் நான் 'மனை வாங்குவோர் அகராதி' என்று ஒன்று எழுதினேன். எனக்குச் சொந்தமாக ஒரு பூந்தொட்டி மண்கூடக் கிடையாது. அப்பா வக்கீல் குமாஸ்தா. வீட்டில் பத்திரங்கள் கிடந்து புரளும். அதுதான் என் தகுதி.

"முன்பணம்: மனசு மாறக்கூடாதென்று, மனசு மாறுவதற்குள் கொடுத்துவிடும் பணம். அடமானம்: வீட்டில் குடியிருந்துகொண்டே வீட்டைப் பிரிந்திருப்பது. வில்லங்கம்: நீ வாங்கும்வரை தூங்கி, வாங்கிய மறுநாள் எழுந்து வரும் தூரத்து உறவு."

அக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடி சிரித்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி, இதெல்லாம் உனக்கு நெசமாவே தெரியுமா?"

"தெரியாமலா எழுதுவேன்?"

"அப்ப ஒண்ணு பாத்துச் சொல்லு."

கடைக்குப் பின்னால் இருந்த மரவீட்டை அதில் குடியிருக்கும் செல்லக்கண்ணு விற்கிறாராம். பன்னிரண்டு வருஷம் மொஹிங்கா விற்றுச் சேர்த்ததை அக்கா அதில் போடப்போகிறார். செல்லக்கண்ணு கொடுத்திருந்த ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வாடகை ரசீதுகளை என் முன்னால் கவிழ்த்தார்.

நான் முறையாகவே ஆரம்பித்தேன். அதை இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன். "அக்கா, வீடு வேற, மனை வேற. வீடுங்கிறது தூணும் பலகையும். மனைங்கிறது அதுக்குக் கீழே இருக்கிற தரை. நீங்க வாங்குறது வீடு மட்டும். தரை சர்க்கார் எஸ்டேட்டுக்காரங்களுது. அதுக்கு மாசாமாசம் தரைவாடகை கட்டணும். கட்டுறவரைக்கும் உங்களைக் கிளப்ப முடியாது. இதுக்குப் பேரு அனுபவ பாத்தியதை."

"அது தெரியும். தாமுவேயில பாதிப்பேர் அப்படித்தான். இந்த ரசீதெல்லாம் யார் பேர்ல இருக்கு?"

பார்த்தேன். அத்தனையும் நல்லப்பன் பேரில்.

ரங்கூனில் இது சகஜம். முதலில் மனை பிடித்தவர் வீட்டை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறிவிடுவார். வாங்கியவர் அவர் பேரிலேயே வாடகை கட்டுவார். அவரிடம் வாங்கியவரும் அப்படியே. எஸ்டேட் ஆபீஸில் பேர் மாற்றப் பத்து ரூபாய் கேட்பார்கள் என்பதால் யாரும் மாற்றுவதில்லை. நல்லப்பன் பரமக்குடிப் பக்கம் போய்ப் பதினோரு வருஷம். செல்லக்கண்ணு நான்காவது ஆள்.

"பத்து ரூபா எடுத்து வச்சிருக்கேன். மாத்திடவா?" என்றார் அக்கா.

பெஞ்சில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எஸ்டேட்டுக்கு வாடகை வசூலிக்கும் கபீர் பாயும் இருந்தார். ஆட்கள் இல்லாதிருந்தால் நான் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"அக்கா, நல்லப்பன் மாதிரி குடித்தனக்காரர் இந்த ரங்கூனிலேயே கிடையாது. பதினோரு வருஷமா வாடகை தவறினதில்லை. குரல் உயர்த்தினதில்லை. ஒரு வாய்ச் சோறு கேட்டதில்லை. அவரைப் போய் எதுக்கு வெளியேத்தணும்?"

பெஞ்சே சிரித்தது. கபீர் பாய்க்குப் புரையேறியது. அக்காவும் சிரித்தார். பொன்னுத்துரை மட்டும், "மாத்திட்டா நல்லதுதானே" என்று யாருக்கும் கேட்காதபடி சொன்னார். எனக்குக் கேட்டது.

வீட்டை வாங்கினார்கள். பேர் மாற்ற வைத்திருந்த பத்து ரூபாய்க்குக் கூரையில் புதுத் தகரம் போட்டார்கள். இரண்டு மழைக்காலம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. நான் அந்த நகைச்சுவையைப் பத்திரிகையிலும் எழுதிப் பாராட்டுப் பெற்றேன்.

மூன்றாவது வருஷம் ரோடு வந்தது. அந்த வரிசை முழுவதையும் எடுக்கிறார்கள். மூன்று மாதத்தில் வீடுகளைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். பதிவேட்டில் பேருள்ள குடித்தனக்காரர் ஒவ்வொருவருக்கும் கிழக்கே ஒரு மாற்று மனை, முப்பது வருஷக் குத்தகையில்.

அக்காவையும் பொன்னுத்துரையையும் நான்தான் ஆபீஸுக்கு அழைத்துப் போனேன். குமாஸ்தா பதிவேட்டில் விரலை ஓட்டினார்.

"இந்த மனை நல்லப்பன்."

"அவர் ஊருக்குப் போயிட்டாருங்க," என்றார் பொன்னுத்துரை. "நாங்கதான் இருக்கோம்."

"மூணு வருஷமா வாடகை கட்டுறாங்க. அனுபவ பாத்தியதை..." என்று நான் ஆரம்பித்தேன்.

"யார் கட்டினது?"

"இவங்க."

"ரசீதைக் காட்டுங்க."

அக்கா டப்பாவை நீட்டினார். குமாஸ்தா மேலே இருந்த ரசீதை எடுத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதிலும் நல்லப்பன்தான்.

ஆனால் மனுஷர் கெட்டவரல்ல. "அந்த நல்லப்பன் உயிரோட இருந்தா, எனக்கு இந்த மனை வேண்டாம், இவங்களுக்குக் கொடுக்கச் சம்மதம்னு நாலு வரி எழுதி, சாட்சியோட கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். மாத்தித் தர்றேன்."

செல்லக்கண்ணுவிடம் விலாசம் கிடைத்தது. அன்று மத்தியானமே கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். செய்த தப்பைச் சரிசெய்யும் வேகம். நாலு வரியில் அடங்கவில்லை.

"அவ்வளவு எதுக்கு தம்பி?" என்றார் பொன்னுத்துரை.

"விஷயம் தெரியாம கையெழுத்து வாங்கினா நாளைக்குச் செல்லாதுண்ணே. அவர் எதை விட்டுக்கொடுக்கிறார்னு அவருக்குத் தெரியணும்."

இதுவரை நான் எழுதியவற்றில் அந்த மூன்று பக்கத்தைப் போல வேறெதுவும் அமையவில்லை. கேலி இல்லை, குத்தல் இல்லை. பத்திரம் வாசித்தறியாத மனிதருக்கு விளங்கும்படி, வீடு எது, மனை எது, வாடகைக்கும் முப்பது வருஷக் குத்தகைக்கும் என்ன வித்தியாசம், பதிவேட்டில் பேர் இருப்பதற்கு என்ன அர்த்தம், ரோடு வந்தால் பக்கத்து மனையின் விலை என்னவாகும், எல்லாம் எழுதினேன். கடைசியில், இந்தப் பாத்தியதை முழுதும் சட்டப்படி தங்களுடையது என்றாலும், தாங்கள் பெரிய மனசு பண்ணி மா மங்கலத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று முடித்தேன். அப்பாவிடம் ஒரு தடவை காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

நாற்பத்துமூன்றாம் நாள் பதில் வந்தது. தபாலில் அல்ல. ஒரு தகரப்பெட்டியோடு நல்லப்பனே கப்பலில் வந்து இறங்கிவிட்டார்.

அறுபது வயதிருக்கும். ஒல்லி. மரியாதையான மனிதர். கடைக்கு வந்து என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"லெட்டர் நீங்க எழுதினதா? எங்க ஊர் வாத்தியார் ரெண்டு தடவை படிச்சுக் காட்டினார். அப்படியே தெளிவா இருந்துச்சு. இதுநாள்வரைக்கும் எனக்கு ரங்கூன்ல ஒண்ணுமில்லைன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பதினைந்து நாளில் மாற்று மனை அவர் பேருக்கு வந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. என் கடிதத்தில் இருந்தபடியேதான் எல்லாம் நடந்தது.

கெடு முடிந்த வாரம் வீட்டைப் பிரித்தார்கள். தூண், பலகை, புதுத் தகரம் எல்லாம் இரண்டு மாட்டுவண்டி நிறைந்தது. போக வேறு இடமில்லை. "என் மனைதான் சும்மா கிடக்கே, அங்க போட்டுக்கட்டும்" என்றார் நல்லப்பன். மாசம் மூன்று ரூபாய் தரைவாடகை. எஸ்டேட்டுக்குக் கட்டியது ஒன்றரை. "ரோடு வருதுல்ல? தம்பிதான் எழுதியிருந்தாரு" என்றும் சொன்னார்.

அவர் அங்கேயே தங்கிவிட்டார். கடையும் அந்தப் பக்கமே போய்விட்டது. காலையில் பெஞ்சின் முதல் இடம் அவருக்கு. சாறு ஆறிப்போனால் குரல் உயர்த்துவார். இரண்டாவது கிண்ணம் கேட்பார். அவரைப் பார்த்துக்கொண்டு யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பழைய நகைச்சுவை பெஞ்சில் மற்றவர்களுக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

முதல் மாத வாடகையன்று அக்கா ஒரு துண்டுக் காகிதத்தை என் முன்னால் வைத்தார். நல்லப்பனுக்கும் எழுத வராது.

"ரசீது எழுது தம்பி."

"நானா?"

"வேற யாரு? நீதானே படிச்சவன்."

குத்திக்காட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் தேவலை. அப்படிச் சொல்லவில்லை. அடுப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னார்.

எழுதினேன். மனையின் சொந்தக்காரர் நல்லப்பன் என்று மேலே. பெற்றுக்கொண்ட தொகை. கொடுத்தவர் மா மங்கலம். நல்லப்பன் மை தொட்டுக் கைநாட்டு வைத்தார். மை காயும்வரை பிடித்திருந்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்துவிட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

அவர் கையை முன்றானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முதல் வரியில் விரலை வைத்தார்.

"இதுதானே என் பேரு?"

"இல்லக்கா. அது அவர் பேரு. உங்களுது கீழே இருக்கு."