அப்பாவுக்கு நெகட்டிவ்

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. அதை மறைக்க மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். 'பெருந்தொற்றின் இரண்டாம் ஆண்டில் உலகின் கதவுகள் ஒவ்வொன்றாக...' வேண்டாம். பழியைக் கதவின்மேல் போடப் பார்க்கிறேன்.

நடந்தது இதுதான். அக்கா வெளிநாட்டில் பிள்ளை பெற்றாள். பிரசவத்துக்கு முன்பே இரண்டு வார விடுப்பில் ஊருக்கு வந்திருந்த அத்தான், லிஃப்ட் மெக்கானிக், எல்லை மூடியதில் இங்கேயே மாட்டிக்கொண்டார். குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது வழி திறந்தது. கிளம்புவதற்கு முந்தைய எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அதற்கான படிவத்தை நிரப்பியது நான். (எழுத்தாளனுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லித்தான் வாங்கினேன்.) பெயர்க் கட்டத்தில் அத்தானின் அப்பா பெயரையும், தந்தை பெயர்க் கட்டத்தில் அத்தானையும் போட்டுவிட்டேன்.

2

விமான நிலையக் கவுண்டர் பெண்ணை முதலில் வில்லியாக எழுதினேன். அவள் உதட்டில் ஓர் ஏளனச்... (அடித்துவிட்டேன். மாஸ்க் போட்டிருந்தாள். உதடே தெரியவில்லை.)

"சார், இதுல இருக்கறவருக்கு நோய் இல்ல. ஆனா அவர் எங்க?"

"அது எங்கப்பாம்மா. அவர் போய் பன்னெண்டு வருஷமாச்சு."

அவள் தாளைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள்.

"இத வெச்சு அவர் போகலாம் சார். நீங்க போக முடியாது."

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். (அந்தப் பார்வையைப் பற்றிய நான்கு வரிகளை நீக்கியிருக்கிறேன்.)

3

கீழ்த்தளத்தில் அவசரப் பரிசோதனை உண்டு. முடிவு வர இரண்டு மணி நேரம். விமானத்துக்கு இருந்ததும் அவ்வளவுதான். படிவத்துக்கு நான் கை நீட்டினேன்.

"குடுடா பேனாவ. நீ போய் கதை எழுது."

இங்கே இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன்: விமானத்தைத் தவறவிடுவது, கடைசி நொடியில் ஓடிப் பிடிப்பது. இரண்டும் நடக்கவில்லை. விமானமே மூன்று மணி நேரம் தாமதம். கற்பனையாக எழுதியிருந்தால் திட்டியிருப்பீர்கள்.

4

போய் இறங்கியதும் ஓட்டலில் பத்து நாள் தனிமை. நான்காம் நாள் அக்கா குழந்தையோடு எதிர்ச்சாரியில் நின்று, ஆறாவது மாடி ஜன்னலைப் பார்த்து, குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினாள். ஜன்னலில் நின்றவர் இரண்டு கையையும் ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃபோனில் அத்தான் அலறினார்.

"அது நான் இல்லடி! இந்தப் பக்கம், மூணாவது ஜன்னல்!"

அக்கா திரும்பினாள். குழந்தை திரும்பவில்லை. அந்த மனுஷரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் இருங்க," என்றாள் அக்கா. "பாவம், அவருக்கு இன்னொரு தடவ ஆட்டிட்டு வரேன்."

பதினோராம் நாள் அத்தான் இறங்கி வந்து மகளைக் கையில் வாங்கினார். அது வீறிட்டு அழுதது, அவரும். அவர் கதை முடிந்தது. அந்த ஜன்னல்காரர்தான் இன்னும் மேலேயே நிற்கிறார். யார் அவர், யாரைப் பார்க்க வந்தவர்? அக்கா விசாரிக்கவில்லை. எனக்கும் எழுத வரவில்லை. நீங்களே அவரைக் கீழே இறக்கிவிடுங்கள். வாசலில் யாரையாவது நிறுத்திவையுங்கள்.